பள்ளம் என்று கத்தியவள்

கல்யாணமாகிப் பழனிக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. ரேஷன் கார்டு மாறிவிட்டது, ஆதாரில் முகவரி மாறிவிட்டது, பச்சைத் தண்ணீரில் குளிக்கவும் பழகிவிட்டேன். மாறாதது ஒன்றுதான். நான் இன்னும் மலைமேல் இருக்கிற என் பிறந்த ஊர் நாயுடுபுரத்தின் ஃபுட்பால் டீம் ஆள். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "அங்க வெளையாடுறவங்களுக்கு மொதல்ல ஒன்ன ஞாபகம் இருக்கா?" என்பார். இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். சொல்லிவிட்டு, இருக்குமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். அந்தச் சந்தேகம் வந்தால் அன்றைக்குக் குழம்பில் காரம் தூக்கலாக இருக்கும்.

நான் பந்து உதைத்தவள் இல்லை. ஆனால் டீமில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அதைச் சொல்ல எங்கள் கிரவுண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையைக் கொஞ்சம் சுரண்டியெடுத்த இடம் அது. மூன்று பக்கம் பரவாயில்லை. நாலாவது பக்கம், கோட்டைத் தாண்டி நாலடி வைத்தால் சரிவு. கீழே கேரட் பாத்திகள், அதற்குக் கீழே பேரிக்காய் மரங்கள், அதற்கும் கீழே என்ன என்பது பந்துக்குத்தான் வெளிச்சம். எங்களிடம் இருந்தது ஒரே பந்து. அது அந்தப் பக்கம் உருண்டால் கடைசியாகத் தொட்டவன் இறங்கிப் போய்த் தேடி எடுத்து வரவேண்டும். அரைமணி நேரம் ஆகும். கிடைக்காவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி.

அதனால் அந்தப் பக்கத்தில் த்ரோ யாருக்கு, பந்து யாருடையது என்ற பேச்சே கிடையாது. பந்து வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். எதிர் டீம்காரன்கூட முதலில் காலை நீட்டித் தடுத்துவிட்டுத்தான் மறுபடி சண்டைக்கு வருவான். மேகம் இறங்கிவிட்டால் ஓடுகிறவனுக்குக் கோடு தெரியாது. ஆகவே ஓரத்துச் சுவரில் ஒருவர் உட்கார்ந்து, பந்து விளிம்புக்கு வரும்போது "பள்ளம்!" என்று கத்தவேண்டும். அப்போது என் அண்ணன்தான் டீமின் கோல்கீப்பர். என் தொண்டையின் அருமையை வீட்டில் தினமும் அனுபவித்தவன். எட்டாம் வகுப்பிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் உட்கார வைத்துவிட்டான். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதுதான் என் இடம்.

பழனியில் எங்களுக்கு அடிவாரத்தில் கடை. பூஜைச் சாமான், சாமி படம், பிள்ளைகளுக்குப் பொம்மை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தால் அண்ணன் போனைப் போட்டுவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். நான் காதில் மாட்டிக்கொண்டு வியாபாரம் பார்ப்பேன். படம் தெரியாது, சத்தம் மட்டும்தான். மேகத்துக்குள் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஒருமுறை பாதயாத்திரை வந்த அம்மா ஒருவர் வேல் என்ன விலை என்று கேட்க, நான் "கோலு!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்து எதுவும் வாங்காமலே போய்விட்டார். என் மாமியார் அதை இரண்டு வருஷமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் கொழுந்தனும் பந்து விளையாடுகிறவன்தான். எங்கள் தெருப் பையன்களோடு சேர்ந்து வைத்திருக்கிற டீமில் முன்னால் நின்று கோல் அடிப்பவன். "மதினி, ஒங்க மலைக்காரங்க வெயில்ல வந்தா உருகிருவாங்க" என்று வம்பிழுப்பான். அவன் சொல்வதில் உண்மையும் இருந்தது. வருஷாவருஷம் பழனியில் நடக்கிற போட்டிக்கு நாயுடுபுரம் டீம் ஒரு வேனில் இறங்கி வரும். முதல் ஆட்டத்திலோ இரண்டாவது ஆட்டத்திலோ தோற்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறிப் போய்விடும். மலைக்குக் கீழே அவர்கள் ஒரு கோப்பைகூட வாங்கியது கிடையாது.

இந்த வருஷம் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே என் கொழுந்தன் டீம்.

வீட்டில் மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். கொழுந்தனுக்கு முட்டை அவித்துக் கொடுத்தேன், ஜெர்சியைத் துவைத்துக் காயப் போட்டேன், மனதுக்குள் மட்டும் அவன் கால் சுளுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிய சுளுக்கு வேண்டாம், ஒருநாள் சுளுக்கு போதும். ஃபைனல் அன்று மத்தியானம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு மாமியார், "சோலி அம்புட்டும் கெடக்கு, இவளுக்குப் பந்து கேக்குது" என்றார். பிறகு அவரே, "போயிட்டு வெரசா வா" என்று அனுப்பியும் வைத்தார்.

ஒரு பை நிறைய மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு நேராக எங்கள் டீம் நின்ற வேப்பமரத்தடிக்குப் போனேன். அண்ணன் வரவில்லை, அவனுக்கு அன்று வண்டியில் லோடு ஏற்றிப் போகிற வேலை இருந்தது. நின்றவர்களில் ஒருவரையும் எனக்கு முகம் தெரியவில்லை. நான் கிளம்பும்போது இவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கேப்டன் மரியாதையாக, "வாங்கக்கா, யாரு வீடு?" என்றான். பழைய கீப்பரின் தங்கை என்றேன். "ஓ, பழனி அக்காவா!" என்று சிரித்தான். பழத்தை வாங்கி வேனுக்குள் வைத்தான். பழனியில் எனக்கு மலைக்காரி என்று பெயர். மலையில் பழனி அக்கா என்று பெயர். எனக்குச் சுருக்கென்றது. போய் என் வீட்டுக்காரர் பக்கத்தில், தெருக்காரர்கள் கூட்டத்தோடு உட்கார்ந்துகொண்டேன்.

பழனி கிரவுண்டு தோசைக்கல் போல மட்டமானது. நாலு பக்கமும் மனிதர்கள்தான் நிற்கிறார்கள், பந்து எங்கே போனாலும் யாராவது உதைத்து உள்ளே அனுப்புவார்கள். எங்கள் பையன்கள் இந்த வருஷம் வெயிலுக்கு உருகவில்லை. முதல் கோல் அவர்கள் அடித்தார்கள். நான் துள்ளி எழுந்தேன், வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். பிற்பாதியில் என் கொழுந்தன் ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்காமல் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டது. இப்படியே முடிந்தால் பெனால்டி. எங்கள் கீப்பர் அன்று பிடித்த பிடிக்குப் பெனால்டி வந்தால் கோப்பை எங்களுக்குத்தான் என்று பக்கத்தில் இருந்த பழனிக்காரர்களே பேசிக்கொண்டார்கள்.

அப்போது கொழுந்தன் வலது ஓரமாகப் பந்தை நீளமாகத் தள்ளிவிட்டுத் துரத்தினான். வேகம் அதிகமாகிவிட்டது. பந்து நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம், கோல் கோட்டைப் பார்த்து உருண்டு வந்தது. எங்கள் டிஃபென்ஸ் பையன் ஒருவன் நடுவில் புகுந்து, கொழுந்தனை முதுகால் மறைத்துக்கொண்டு, கையை விரித்துப் பந்தைத் தொடாமல் போக விட்டான். அது வெளியே போனால் கோல் கிக், எங்கள் பந்து. கீப்பர்கூட உதைக்கத் தயாராகி இந்த ஓரத்துக்கே நடக்க ஆரம்பித்துவிட்டான். செய்யவேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருக்கவேண்டும்.

பந்து கோட்டைத் தொடப்போகிறது. நான் "பள்ளம்ம்ம்!" என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் காலைத் தூக்கிக்கொண்டு, "எங்கம்மா பள்ளம்?" என்று தரையைப் பார்த்தார். அந்தப் பையன் பாய்ந்தான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது முழங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு விழுந்து, பந்தைக் கொக்கி போட்டு உள்ளே இழுத்துவிட்டான். அது நேராக என் கொழுந்தன் காலுக்குப் போனது. கோலில் ஆளில்லை.

என்னைச் சுற்றி எல்லோரும் எழுந்து ஆடினார்கள். யாரோ என் தோளைத் தட்டினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பதை அதுவரை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

விசில் ஊதி, கோப்பை கொடுத்து, வாண வேடிக்கை எல்லாம் முடிந்தபோது வீட்டுக்காரர் வண்டியை எடுக்கப் போனார். நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். கேப்டன் அந்தப் பையனைக் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"ஏலே, சும்மா விட்டிருந்தா கோல் கிக்குலே! எதுக்குலே கால விட்ட?"

"யாரோ பள்ளம்னு கத்துனாங்கண்ணே."

"பழனில ஏதுலே பள்ளம்? கோட்டி புடிச்சிருச்சா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. மலை ஏறி வீடு போய்ச் சேரும்வரை, அப்புறம் வருஷக்கணக்காக அவனைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. யாருக்கும் நான்தான் என்று தெரியாது. அப்படியே திரும்பியிருக்கலாம். திரும்பவேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இதைச் சொல்லிவிட்டால் அந்த டீமில் எனக்கு மிச்சமிருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

"அவன் பொய் சொல்லல. நான்தான் கத்துனேன்" என்றேன்.

கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கோபப்படவில்லை, அதுதான் மோசம். "ஏங்க்கா, நீங்க எந்த டீமுங்க?" என்று நிதானமாகக் கேட்டான். பதினோரு வருஷமாக யார் கேட்டாலும் வாய்கிழியப் பதில் சொன்னவள் நான். அன்று வேனுக்குள் இருந்த பழப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பையன்தான் எழுந்து வந்தான். முழங்காலில் மண்ணும் ரத்தமும் அப்பியிருந்தது.

"நீங்கதானாக்கா அது? நான் ஏழு வயசுல இருந்து கேட்ட சத்தங்க்கா. நம்மாளு ஒருத்தரும் இல்லாத எடத்துல, நம்மாளு ஒருத்தங்க வந்து நிக்கிறாங்கன்னு இருந்துச்சு. அதான் பாஞ்சுட்டேன்."

அவன் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், என் வாய்க்கா பஞ்சம்? அவன் அப்படிச் சொன்னதும் அத்தனை பேர் முன்னால் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். வண்டியோடு வந்த வீட்டுக்காரர், டீம் தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து, அடுத்த வருஷம் ஜெயிப்பாங்க விடு என்றார். அவர்கள் முதல்முறையாக வாங்கவேண்டிய கோப்பையை என் வாயால் கெடுத்துவிட்டேன். நான் வெட்கத்தில் அழுதிருக்கவேண்டும். வெட்கமும் இருந்ததுதான். ஆனால் அதைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது, இதை இதுவரை என் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.