மூட்டைக்கு முன் வரும் குரல்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் ஓர் அரிசிக் கிடங்கு இருக்கிறது. லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளும் முன் சுமைதூக்கும் ஜோசப் "மாறிக்கோ!" என்று, விலகச் சொல்லிக் கத்துவார். லாரி வழியை மறிப்பதாக நான் மூன்று முறை புகார் கொடுத்தவன். அதனால் எனக்கு மட்டும் தாமதமாகக் கத்துகிறார் என்று சந்தேகம்.

சென்ற வாரம் மனைவியோடு போகும்போது ஒரு மூட்டை என் தோளை உரசி விழுந்தது.

"வேணும்னே லேட்டா கத்தினே!" என்றேன்.

"சாரே, கூட வந்த மாமி சாடி, குதிச்சு மாறியாச்சே! அவங்களுக்கு வேற சத்தமா?"

என் மனைவி சிரித்தாள்.

யாருக்கு வேகம் அதிகம் என்று வீட்டில் சோதித்தேன். அவள் நழுவவிட்ட ஸ்கேலைப் பத்தில் இரண்டு முறைதான் பிடித்தேன். நான் நழுவவிட்டதை அவள் ஒன்பது முறை பிடித்தாள். சந்தேகப்பட்டு ஸ்கேலை மாற்றினேன். அதே கதைதான்.

இப்போது அந்தச் சந்தில் அவள் கையைப் பிடித்தே நடக்கிறேன். ஜோசப்பின் குரலுக்குக் காத்திருப்பதில்லை. அவள் இழுத்ததும் நகர்ந்துவிடுகிறேன்.