தென்னந்தடிப் பாலத்தில் ஒரு பாடல்

மட்டாஞ்சேரித் தமிழ்க் கிறித்தவச் சபையில் இன்றும் பாடப்பெறும் ஒரு பாடலை இயற்றியவர் யாவர் என வினவினால் விடை கூறுவோர் அரியர். தம் பெயரை அச்சிடலாகாது என்று அவரே தடுத்துவிட்டார். ஆதலின் நானும் அதனைக் கூறேன். ஆயினும் சபையார் அதனை முதன்முதலில் பாடிய இடம் கோயில் அன்று. அச்செய்தி என்னோடு மறைந்துவிடலாகாது என்றே இதனை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் இறுதி. அதனை இயற்றியவர் ஐயர் என்று யாவரும் அழைத்த சபைப் போதகர்; ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற நெல்லைத் தமிழர். நான் அச்சபையினன் அல்லேன். பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தவன். யாப்புக் குறித்து உரையாட என்னிடம் வருவார். அவர் சபையிற் பாதிப்பேர் அரிசி மூட்டை சுமப்போர், தமிழ் எழுத்தறியாதவர். படகுத்துறையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடியவாறே மூட்டை தூக்குவதைக் கேட்டு, அம்மெட்டிலேயே ஒரு பாடல் இயற்றி அவர்களுக்குக் கற்பித்தார்.

சபைச் செயலாளர் அதனைக் கோயிலில் பாட இசையவில்லை. நோயுற்றுக் கிடந்தபோது, தம் அடக்கத்திலேனும் அதனைப் பாடவேண்டும் என்று ஐயர் மனைவியிடம் கேட்டுக்கொண்டார். அவர் மறைந்த அன்று அம்மையார் என்னைச் செயலாளரிடம் தூதனுப்பினார்.

செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூட்டை தூக்குத சத்தத்தோடயா சார், ஐயரை ஆண்டவர்கிட்ட அனுப்பச் சொல்லுதீய?"

வெறுங்கையுடன் திரும்பினேன்.

பெருமழைக்காலம். கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் வழியில் தோடு எனப்படும் நீரோடையின் மேலிருந்த பாலம் இடிந்திருந்தது. தென்னந்தடிகள் இரண்டைக் குறுக்கே கிடத்தியிருந்தனர். போதகரின் பெட்டியைச் சபைக் குழுவினரே சுமப்பது மரபு. அவர்கள் தடியில் கால் வைத்ததும் அது துள்ளியது, பெட்டி சாய்ந்தது. பின்வாங்கி, சுமை தூக்குவோர் நால்வரிடம் அதனை ஒப்படைத்தனர். நால்வரும் தோளேற்றி இரண்டடி வைத்து நின்றுவிட்டனர்.

"ஏம்லே நிக்கிய?" என்றார் செயலாளர்.

"பாட்டில்லாம கால் ஒத்து வராது சாரே," என்றான் முன்னால் நின்றவன். "ஐயரு வெள்ளத்துல போவாரு."

"பொறவென்ன, பாடுங்கலே!"

"எங்க பாட்டா, ஐயரோட பாட்டா?"

"ரெண்டும் ஒரே மெட்டுதானலே! அதுக்குத்தானே இத்தன நாளா மல்லுக்கட்டுதேன்!"

துயர வீட்டாரிடையேயும் சிரிப்பு எழுந்தது. முன்னவன் ஐயரின் முதலடியை எடுத்தான், மூவர் ஏற்றனர். எட்டுக் கால்களும் ஒருசேர எழுந்து பதிந்தன, தடி துள்ளவில்லை. இரண்டாம் அடியை அம்மையாரும் ஏற்றுப் பாடினார். பின்னர் அவரைச் சூழ்ந்து நின்ற பெண்டிரும் பாடினர். பெட்டி அக்கரை சேர்ந்த பின்னும் எவரும் நிறுத்தவில்லை. கல்லறை வரை அப்பாடலே சென்றது.

யாப்பு வழுவாத செய்யுள்கள் பல நான் எழுதியதுண்டு. அவற்றுள் ஒன்றேனும் ஒரு மனிதரை நீர் கடத்திச் சேர்க்குமா என்னும் வினா அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை.

செயலாளரும் உடன் பாடினார் என்றே என் நினைவு. ஆயினும் மழையில் நான் பின்னால் நின்றிருந்தேன். அவர் அருகில் நடந்தவர் எவரேனும் இதனைப் படிப்பின், பிழையாயின் திருத்தியருள வேண்டுகிறேன்.