அக்கா சொன்ன சிறைப்படம்

நேற்று டிவியில் ஏதோ பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் சிறைச்சாலைச் சங்கு ஊதியது. எனக்கு மலைமேல் தேவனூர் நாட்டில் இருந்த எங்கள் வீடு நினைவுக்கு வந்தது.

சிறுவயதில் ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்திருந்ததால், மாமா அக்காவை மட்டும் மலையிறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனார். சிறையிலிருந்து ஒருவன் தப்பிக்கும் படம். மறுநாள் மரவள்ளிக்கிழங்கை உரித்தபடியே அக்கா கதை சொன்னாள். என் பேச்சைக் காதிலேயே வாங்காத அம்மா, அடுப்பை மறந்து கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அப்பறம் தப்பிச்சானா கண்ணு?"

"மதிலேறிக் குதிச்சு ஊட்டுக்குப் போயி, அவங்கம்மா கையால சாமைச்சோறு தின்னாம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிழங்குத் தோலைக் கொட்டப் போகையில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அவன் மதிலேறறப்பவே மழை வந்து படத்த நிறுத்திட்டாங்கடி. மிச்சம் நானாச் சொன்னது."

படம் பார்க்காத வருத்தம் என்றோ போய்விட்டது. அந்தச் சாமைச்சோறு எனக்குத் தோன்றியிருக்காது என்பதுதான் இன்றும் எரிகிறது.