ஜிலேபித் தூண்டிலில் மாட்டிய கட்லா

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு குளம். மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நானும் என் மனைவியும் தூண்டில் போடப் போயிருந்தோம்.

எனக்குத் தூண்டில் பைத்தியம். விராலுக்குக் கெட்டியான குட்டை ராடு, கட்லாவுக்கு நீள ராடும் பெரிய ரீலும், ஜிலேபி மீனுக்கு ஈர்க்குச்சி மாதிரி ஒரு சின்ன ராடு என்று வீடியோ பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்தேன். என்ன பிரயோஜனம்? பெரிய மீன் மாட்டும், தூண்டில் நரம்பு அறுந்துவிடும். "கொழம்பு எப்பங்க?" என்று தெருவே கிண்டல் செய்தது. அன்றைக்கு ஒரு கட்லாவையாவது வீட்டுக்குக் கொண்டுபோயே தீருவது என்று கங்கணம் கட்டியிருந்தேன்.

மனைவிக்குப் பொழுது போகட்டும் என்று ஜிலேபி ராடைக் கொடுத்தேன். அவள் இருபது வருஷமாக விசைத்தறியில் வேலை செய்கிறவள். மண்புழுவைத் தொடமாட்டேன் என்று, கட்லாவுக்கென்று நான் பிசைந்து வைத்திருந்த மாவையே கிள்ளி உருட்டி முள்ளில் வைத்தாள். ரீலில் நரம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொட்டுப் பார்த்தவள், "ஏனுங்க, நூல இத்தன இறுக்கியா வெப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தளர்த்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலில் என் ராடில்தான் கடித்தது. விடுவேனா? திருகை இன்னும் இறுக்கி இழுத்தேன். பட்டென்று அறுந்தது! தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் ராடு வில்லாக வளைந்து, ரீல் கிர்ரென்று கத்தியது. நான் விழுந்தடித்து ஓடினேன்.

"குடு புள்ள இங்க, அறுத்துப்போடுவே!"

"தள்ளி நில்லுங்க. நூலு எனக்குத் தெரியுமுங்க."

அந்தக் குரலுக்கு என் கால் தானாக நின்றுவிட்டது. ஒரு விரலை நரம்பின்மேல் லேசாக வைத்திருந்தாள். மீன் ஓடினால் விட்டாள், நின்றால் சுற்றினாள். தண்ணீரைப் பார்க்கக்கூட இல்லை. "இப்பத் திரும்புது பாருங்க" என்றாள். குளத்தின் நடுவில் தண்ணீர் சுழித்தது! எனக்குப் புல்லரித்துப் போனது. அப்படி முக்கால் மணி நேரம். கரைக்கு வந்துவிட்டதே என்று நான் வலையை நீட்டியபோதும், "இன்னுமொருக்கா ஓடுமுங்க" என்றாள். ஓடியது. திரும்பி வந்தபோதுதான் வலையில் ஏந்தினேன். ரெண்டு வயசுக் குழந்தையின் கனம், அம்மாடி! தலைமுடி கனத்தில் ஒரு நரம்பு, அதில் இப்படி ஒரு கட்லா.

அன்று தெருவுக்கே குழம்பு. கேட்டவர்களிடமெல்லாம், "நானில்லீங்க, அவ புடிச்சது" என்று பெருமையாகவே சொன்னேன்.

தினமும் சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனால் தறிக்கூடத்துக்கு வெளியே நின்று ஹார்ன் அடிப்பது என் வழக்கம். மறுநாள் முதன்முறையாக உள்ளே போனேன். காது அடைக்கும் சத்தம். தறிகளுக்கு நடுவே, ஆயிரக்கணக்கான இழைகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தவள், சட்டென்று ஒரு தறியை நிறுத்தினாள். அறுந்திருந்த ஒற்றை இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். பக்கத்தில் நின்றும் என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

எந்த மீனுக்கு எந்த ராடு என்று அத்தனை ஆராய்ந்தவன், இப்படி ஒரு கை என் வீட்டிலேயே இருப்பது தெரியாமல் இருபது வருஷம் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறேனே என்று, வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போகும் ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.