இரண்டாவது பொன்னாடை

எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒருவரைக் கௌரவிக்க ஒரு முறை உண்டு. ஆணுக்கு மாலையும் பொன்னாடையும். அவர் மனைவியையும் மேடைக்கு அழைத்து, புடவை, வளையல், பூ, குங்குமம் வைத்த தட்டு. மனைவி வராவிட்டால் தட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டைக் கண்ணால் பார்க்கும்வரை அது என் நினைவுக்கு வரவில்லை.

மலாக்காவில் ஒரு சிறிய ஆவணப்பட நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அப்பாவும் அம்மாவும் மூன்றாம் வகுப்போடு ரப்பர் பால் வாளி தூக்கப் போனவர்கள். படத்தின் முடிவில் என் பெயர் ஓடும் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா கேட்டதெல்லாம், "எத்தனாவது நிமிசத்துல வரும்?" என்பதுதான்.

படம் ஒரு நாடகாசிரியரைப் பற்றியது. லூபோக் சீனா பக்கம் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர். திருவிழாவுக்கு நாடகம் எழுதத் தொடங்கி, கோலாலம்பூர், சிங்கப்பூர் மேடைகள்வரை போனவர். "அண்ணன் நாடகத்துல நான்தான் போலீசு" என்று அப்பா வாரம் ஒருமுறையாவது சொல்வார். வசனம் மறந்துபோய் மூன்று முறை விசில் மட்டும் ஊதிவிட்டு இறங்கினார் என்பதை அம்மா சேர்த்துக்கொள்வார்.

அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. நாடகாசிரியர் தன்பாலீர்ப்பாளர். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியபோது ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறியவர், தோட்டத்துக்குத் திரும்பவே இல்லை. முப்பது வருடங்களாகப் புக்கிட் பெருவாங்கில் இன்னோர் ஆணோடு குடும்பம் நடத்துகிறார். அந்தத் துணைவர் ஆஸ்பத்திரியில் டிரஸராக இருந்தவர்; புண் கட்டுவது, ஊசி போடுவது அவர் வேலையாக இருந்தது. நாடகம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான். ஒருமுறைகூடத் திரைக்கு முன்னால் வந்ததில்லை. எங்கள் கேமராவுக்கு முன்னால் அவரை உட்காரவைக்கவே மூன்று நாள் ஆயிற்று. "இவரு எழுதிட்டு மறந்துருவாரு. ஞாபகம் வச்சிக்கிறது என் வேலை லா" என்றார்.

உள்ளூர் நிலையங்கள் இப்படியொரு படத்தைப் போடுவதில்லை. ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காக எடுத்தோம். ஞாயிறு மூன்று மணிக்கு ஒளிபரப்பு; இணையத்திலும் அதே நேரத்தில் வரும். கோயில் செயலாளரான அப்பா, அண்ணனை அழைத்து மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும், முடிந்ததும் மாலை போட வேண்டும் என்றார்.

நான் அழைக்கப் போனபோது நாடகாசிரியர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"வர்றேன். அவரும் வருவாரு. முன் வரிசையில என் பக்கத்துல உக்காருவாரு. அவரு எனக்கு யாருன்னு உங்கப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அங்க வச்சித் தெரிஞ்சிக்கிட்டு மூஞ்சத் திருப்பினா, இன்னொரு தடவ பஸ் ஏற எனக்குத் தெம்பு இல்லமா."

"சொல்லிடறேன் சார்" என்றேன்.

சொல்லவில்லை. இதே விஷயத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியவள் நான். அப்பாவிடம் தொலைபேசியில் ஒரு வாக்கியம் வரவில்லை.

"அண்ணன் தனியாவா வர்றாரு?"

"ரெண்டு பேரு வர்றாங்கப்பா."

அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் மண்டபத்துக்குப் போனால், மேசைமேல் தட்டு. கரும்பச்சைப் புடவை, இரண்டு டஜன் வளையல். "அண்ணிக்கு என்னா கலரு பிடிக்கும்னு தெரியல. இது நல்லாருக்குல்ல?" என்றார் அம்மா. மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பாவை ஓரமாக அழைத்தேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

இரண்டு ஆண்கள் இறங்கினார்கள். அப்பா நாடகாசிரியரைக் கட்டிக்கொண்டார். பிறகு குனிந்து காருக்குள் பார்த்தார். "அண்ணி வரலியா அண்ணே?"

நாடகாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிரஸர் பழக்கத்தில் அரை அடி பின்னால் போய் நின்றார். நாடகாசிரியர் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "படத்தப் பாரு தம்பி, தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

படத்தில் அவர்கள் வீட்டுச் சமையலறை வந்தது. மேசையில் கையெழுத்துப் பிரதி, இரண்டு கோப்பை தேநீர். "என் வாழ்க்கைத் துணை இவர்தான்" என்று திரையில் நாடகாசிரியர் சொன்னார். பொருளாளர் மாமா எழுந்தார். "என்னா லா இது, கோயில்ல வந்து…" என்று வெளியே போனார். அவர் பின்னால் மூன்று பேர். "போறவங்க சீக்கிரம் போங்க, மறைக்குது!" என்றார் பின்வரிசை அக்கா ஒருவர்.

அப்போது அப்பாவும் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. வெளியே அவருடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

நாடகாசிரியர் திரும்பவில்லை. ஆனால் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. டிரஸர் சாய்ந்து அவர் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். இந்த மனிதரை இங்கே கூட்டிவந்தது நான். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

படம் முடிந்து என் பெயர் ஓடியபோது அம்மா கைதட்டினாராம். நான் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் சத்தம் திரும்பி வந்தது. அப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு உள்ளே வந்தார். பையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. நான் பட்டம் வாங்கிய வருடம் இதே மேடையில் அப்பாவுக்குப் போட்ட பொன்னாடை. அலமாரி மேல்தட்டில் வைத்து யாரையும் தொடவிடாமல் காத்தது.

அப்பா தட்டிலிருந்த புடவையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். "இத நீ வச்சிக்க."

"அதான் எனக்குப் பிடிச்ச கலராவே எடுத்தேன்" என்றார் அம்மா. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

புடவை இருந்த இடத்தில் பொன்னாடையை வைத்துவிட்டு அப்பா மைக்கைப் பிடித்தார். "அண்ணன் மேடைக்கு வரணும். அவரு கூட முப்பது வருசமா இருக்கிறவரும் வரணும்."

டிரஸர் கையை ஆட்டினார். "பரவால்ல, நான் இங்கயே இருக்கேன்."

"சார், அன்னிக்கு நீங்க பின்னால நின்னு எடுத்துக் குடுத்திருந்தா நான் விசில் ஊதியிருக்க மாட்டேன். வாங்க சார்."

வந்தார். வெளிச்சத்தில் நிற்கத் தெரியாமல் நின்றார். நாடகாசிரியருக்கு மாலையும் பொன்னாடையும் போட்டபின் டிரஸருக்கு அப்பா போட்ட பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவியது, நாடகாசிரியர் சரிசெய்தார். பாதி மண்டபம் கைதட்டியது. மீதிப் பாதி சும்மா இருந்தது. பொருளாளர் மாமா சாப்பாட்டுக்கு மட்டும் உள்ளே வந்தார்.

காரருகே நாடகாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "இன்னிக்கு வேணாம்மா. ஒரு வாரம் போகட்டும்" என்றார். நியாயம்தான்.

அப்பா மேசைகளை மடித்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேருன்னு சொன்ன வாய்க்கு, யாருன்னு சொல்லத் தெரியலயா?"

"நீங்க கோவிச்சிக்குவீங்கன்னு…"

"எனக்கு இன்னும் முழுசாப் புரியலதான். ஆனா கூப்பிட்டு வந்தவங்கள நிக்க வச்சி அவமானப்படுத்துவேன்னு நெனச்சிட்ட பாரு. படிச்ச பிள்ள." அவர் சிரிக்கவில்லை. 'படிச்ச பிள்ள' என்பதை என்மேல் பெருமையில்லாமல் அவர் சொன்னது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு டிரஸர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அது யாருடைய பொன்னாடை என்பதை அம்மா உளறிவிட்டிருந்தார். டிரஸர் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கொண்டுவந்திருந்தார்.

அப்பா வாங்க மறுத்தார். "போட்டது போட்டதுதான் சார். எனக்கு வேற வேணும். வர்ற திருவிழாவுக்கு அண்ணன் ஒரு நாடகம் எழுதுவாரா? சின்னதா. அதுல போலீஸ் இருக்கணும்."

"வசனம் நிறைய இருக்குமே" என்றார் டிரஸர்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்ற அப்பா, என் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்குப் போன் போடு. இந்தத் தடவ எல்லாத்தையும் சொல்லு."

ஒரு வாரம் ஆகியிருந்தது. போட்டேன்.