பதினோரு வீட்டுக்கு ஒரு நம்பர்

காலை ஒன்பதே காலுக்கு கேட்டில் போனைக் கொடுத்துவிட வேண்டும். தகர ஷெட்டுக்குள் புறாக்கூடு மாதிரி அறைகள். ஒரு அறைக்கு ஒரு டோக்கன். ஆபீசுக்குள் போன் கூடாது. எங்கள் ஆபீஸ் அப்படிப்பட்ட ஆபீஸ். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேண்டீனில் டீ போடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறேன்.

மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். அந்த அரை மணி போன் என் கையில் இருக்கும். அதற்குப் பிறகு ஐந்தரைக்குத்தான்.

திண்டுக்கல் பக்கம் மலைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பதினோரு வீட்டுக்கு என் நம்பர்தான் நம்பர்.

அது இப்படி ஆனது. ஆதார் எடுக்க ஊருக்கு வந்தார்கள். நான் லீவில் போயிருந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை. போன் நம்பர் கேட்டார்கள். அப்போது ஊரில் யாரிடமும் போன் கிடையாது. இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சுற்றிலும் மலை. பஸ் திரும்புகிற வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும், அதுவும் அசையாமல் நின்றால். நான் எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் என் டில்லி நம்பரைச் சொன்னேன். பின்னால் நின்றவர், "எனக்கும் அதையே போட்டுருங்க சார், அது டில்லி நம்பரு, எந்நேரமும் எடுக்கும்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு பேங்க், கேஸ், ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீடு எல்லாம் அதே நம்பரில் ஏறின. எது செய்தாலும் என் போனுக்கு ஓ.டி.பி. வரும். ஊர்க்காரர்கள் பஸ் பிடித்துக் கீழே டவுனில் இருக்கிற இ-சேவை மையத்துக்குப் போவார்கள். அங்கிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். பத்து நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது செத்துப்போகும். அதனால் என் சாப்பாட்டு நேரத்துக்குத் தகுந்த மாதிரி எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். மையத்தில் வேலை பார்க்கிற பெண் அந்த அரை மணிக்கு டில்லி டைம் என்று பேர் வைத்திருந்தது. வேறு ஊர் ஆட்கள் வந்தால், டில்லி டைம் முடியட்டும், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுமாம்.

நான் ஆறாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்து வராது. எண் தெரியும். மெசேஜில் சேர்ந்தாற்போல ஆறு எண் எங்கே இருக்கிறது என்று தேடுவேன், அதைச் சொல்வேன். அது யாருடையது என்று பார்த்துச் சொல்லத் தெரியாது. ஒருவருக்கு முடிந்த பிறகுதான் அடுத்தவருக்கு ஓ.டி.பி. பட்டனை அழுத்த வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். அப்படியே நடந்து வந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி என்னைக் கேலி செய்வான். உன்னுடையது போன் இல்லை பையா, டாக்கானா என்பான். பையா என்றால் அண்ணன், டாக்கானா என்றால் தபாலாபீஸ். அவன் ஊர் டில்லி ஓரத்தில், நஜஃப்கட் தாண்டி. டில்லிக்கு ஓட்டுப் போடுகிற ஊர்தான். ஆனாலும் அவன் மகள் பரீட்சை ஃபாரம் நிரப்ப, சிக்னலுக்காக எருமைக் கொட்டகைக் கூரைமேல் ஏறி நிற்க வேண்டுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்க மாட்டான்.

என் வீட்டுக்காரி தையல்காரி. முதலில் ஒரு மிஷின். பிறகு மகளிர் குழுவாகச் சேர்ந்து ஆறு பெண்கள், ஆறு மிஷின். இவள்தான் தலைவி. ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை. கல்யாண மாசம் போனால் மிஷின்மேல் துணி போர்த்தி வைத்துவிடுவார்கள். இரண்டு பெண்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனால் குழு கலைந்துவிடும்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற ஆர்டர் வருவதாக இருந்தது. கிடைத்தால் நாலு மாசத்துக்கு ஆறு பேருக்கும் வேலை. அதற்குக் குழுத் தலைவி பேரைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஆதார் ஓ.டி.பி. கேட்கும். மிஷின்களைப் பார்வையிட வந்த அதிகாரி கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் கையெழுத்துப் போட்டார். அன்று சாயந்திரம் அவள் வளைவில் நின்று கூப்பிட்டாள்.

"நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும்தானாம். நான் ஒண்ணரைக்கு அங்க இருப்பேன். எனக்குத்தான் முதல்ல. மறந்துறாதீங்க."

"மறக்கிறதுக்கு என்ன இருக்கு" என்றேன்.

மே மாசம். சூடான காற்று மண்ணோடு அடித்தது. ஒன்றரைக்குப் போனை வாங்கிக்கொண்டு கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றேன். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இருந்தேன். ஒன்று நாற்பதுக்குக் கூப்பிட்டாள். சர்வர் படுத்துவிட்டதாம், கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். ஒன்று ஐம்பதுக்கும் சுற்றியது. இரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது நான் கூப்பிட்டேன். அப்போதும் சுற்றியது.

"கொஞ்ச நேரம் இருக்க முடியாதா?" என்று கேட்டாள்.

மூன்று மணிக்குப் பெரிய மீட்டிங், அறுபது டீ என்றேன். இரண்டு ஆகிவிட்டது. நான் வைத்துவிட்டேன்.

போனை உன் கையில் வைத்துக்கொள், அடித்தால் ஆள் அனுப்பு என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவன் தலைக்கு மேல் இருந்த கேமராவைக் காட்டினான். அறைக்குள் வைத்த போனை அவன் தொடக் கூடாது. எத்தனை மணிக்கு வந்தாலும் எடுத்துத் தருகிறேன் என்றான். அவ்வளவுதான் அவனால் முடியும்.

உள்ளே போனேன். எங்கள் சூப்பர்வைசர் தமிழர்தான், டில்லியில் பிறந்தவர். என்னைவிட வயதில் சின்னவர். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஆனாலும் வாயில் பாதி ஹிந்திதான் வரும்.

"அண்ணா, அறுபது சாய். அதுல பத்து சக்கரை இல்லாம. ஜல்தி."

பாலை அடுப்பில் வைத்தேன். கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். சர்க்கரை போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டேன். குடித்துப் பார்த்துக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். வராந்தாக் கடைசியில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் எட்டிப் பார்த்தால் போன் ஷெட்டின் கூரை தெரியும். கூரையைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? ஆனாலும் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். வயிறு சரியில்லையா அண்ணா என்று சூப்பர்வைசர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றே கால் வரை தாங்கினேன். முதல் சுற்று டீ கொடுத்தாகிவிட்டது. ஏப்ரனைக் கழற்றினேன்.

"மீட்டிங் நடக்குது அண்ணா."

"வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

போனில் ஒன்பது மிஸ்டு கால். ஏழு மெசேஜ். அவளைக் கூப்பிட்டேன்.

"மூணு மணிக்கே சர்வர் வந்துருச்சு. அப்பருந்து அடிக்கிறேன். இப்பத்தான் திரும்ப அமுக்குனாங்க. வந்துருச்சா?"

"வந்துருச்சு. ஏழு இருக்கு."

அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னாள். அங்கே இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றிருக்கின்றன. சர்வர் மறுபடி படுப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் இவளுக்கும், பென்ஷனுக்கு வந்த பெரியவருக்கும், பயிர்க் காப்பீட்டுக்கு வந்தவருக்கும் மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறது. எல்லாம் என் போனில் வந்து விழுந்திருக்கின்றன.

"எது உன்னோடது?" என்றேன்.

"உங்க போன்லதான வருது. நீங்கதான சொல்லணும்."

மேலே இருந்ததைப் படித்தேன். கடைசியாக வந்தது அது, அவளுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தப்பு என்று வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்ததைப் படித்தேன். அதுவும் தப்பு.

"புதுசா அமுக்குனா மறுபடி வட்டந்தான் சுத்துது. இன்னும் ஒரு தடவைதானாம். பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஏழும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வேர்வை கண்ணில் இறங்கியது. ஒன்றைப் படித்தேன்.

"பூட்டிக்கிருச்சு" என்றாள். "என் ஆதாருக்கு இனிமே நாளைக்குத்தானாம்."

"மணி மூணே முக்கால்தான் ஆகுது" என்றேன். அது எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"சரி, வைங்க" என்றாள்.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. செக்யூரிட்டி தன் பாட்டிலை நீட்டினான். குடித்தேன். தண்ணீர் சுட்டது.

சூப்பர்வைசர் என்னைத் தேடிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டார். கோபமாகத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். போனை வாங்கி மெசேஜ்களைப் பார்த்தார்.

"இதுலயே இருக்கே அண்ணா. எக்ஸ் எக்ஸ்னு போட்டு நாலு நம்பர் இருக்குல்ல, அது ஆதாரோட கடைசி நாலு. யாருதுன்னு அதுலயே தெரியும்."

அந்த நாலு எண்ணை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது ஏதோ ஆபீஸ் நம்பர் என்று நினைத்திருந்தேன். ஆறு எண் எங்கே என்றுதான் என் கண் ஓடும். வீட்டுக்காரியின் கடைசி நாலு எனக்கு மனப்பாடம், எத்தனையோ ஃபாரத்தில் எழுதியிருக்கிறேன். அது மேலிருந்து நாலாவதில் இருந்தது.

"ஏன் அண்ணா என்கிட்ட ஒரு தடவைகூட கேக்கல?"

"போன் உள்ள வராதே சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போய் கப் கழுவச் சொன்னார். கழுவினேன்.

ஐந்தரைக்குப் போனை வாங்கினேன். ஒன்றும் வந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பஸ் வளைவைத் தாண்டி ஊருக்குள் போயிருக்கும். இனி அவளாக வளைவுக்கு நடந்து வந்தால்தான் உண்டு. எனக்கு லக்ஷ்மிபாய் நகரில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒரு ரூம். வழக்கமாக பஸ்ஸில் போவேன். அன்று பஸ்ஸுக்கு நிற்கப் பிடிக்கவில்லை, நடந்தேன். ரூமுக்குப் போய் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. கீழே இறங்கி பார்க்கைச் சுற்றினேன். இரண்டு பெண்களும் திருப்பூருக்குப் பெட்டி கட்டுவது கண்ணில் தெரிந்தது. ஆறு மிஷினில் நாலு. பிறகு ஒன்று. பார்க்கில் பெரியவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு வந்து உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, என்னப்பா இத்தனை ரவுண்டு, டாக்டர் சொன்னாரா என்றார். நான் நிற்கவில்லை.

மறுநாள் ஒன்றரைக்குப் போனைக் கையில் வாங்கும்போதே அது அடித்தது.

"கிடைச்சுருச்சு" என்றாள். மறுபடி டவுனுக்கு வந்திருந்தாள்; நேற்று பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் சொல்ல முடியவில்லையாம்.

எப்படி என்று கேட்டேன். குழுவில் வயதில் சின்னவள் ஒருத்தி, வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு இவளோடு மையத்துக்கு வந்திருக்கிறாள். அவளுடைய ஆதாரில் அவளுடைய சொந்த நம்பர்தான். பிறந்த ஊரிலேயே போட்டது. குழுவின் தீர்மான நோட்டில் அவசரத்துக்கு என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்ட வெறும் பக்கம் ஒன்று எப்போதும் இருக்கும். எல்லாக் குழுவிலும் அப்படித்தான். மையத்து பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தில் இவள் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள், தலைவி பதவியிலிருந்து விலகுகிறேன், இன்னார் தலைவி என்று. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதிவாகிவிட்டது.

"அப்ப நீ?" என்றேன்.

"எனக்கென்ன. மிஷின் ஓடுதுல்ல."

ஏழு வருஷமாக அவள்தான் தலைவி. குழுவை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள். நான் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல வந்தேன். அவள் அதற்குள் பேசினாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன். இப்ப நான் எதுல பேசுறேன்?"

"போன்ல."

"என் போன்ல. வீட்டுல எடுக்காது, சரி. ஆனா எது செய்யணும்னாலும் டவுனுக்குத்தான வரணும். இங்க எடுக்குதுல்ல. வர்றப்ப இதைக் கையில கொண்டாந்தா ஆச்சு. நடுவுல டில்லி எதுக்கு?"

இப்போது ஊரில் வீட்டுக்கு வீடு போன் இருக்கிறது. படம் பார்க்க, டார்ச் அடிக்க, டவுனுக்கு வந்து என்னைக் கூப்பிட. இத்தனை வருஷத்தில் பதினோரு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இல்லை, எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவள் ஆதாரில் தன் நம்பரைப் போட்டுக்கொண்டாள். அதற்கு விரல் ரேகை போதும். பேங்குக்கு மட்டும் பழைய நம்பருக்கு ஒரு தடவை ஓ.டி.பி. வந்தது. என் நம்பரை எடுத்துவிடலாமா என்று என்னிடமே கேட்கிற மாதிரி. கணக்கின் கடைசி நாலு எண்ணை முதலில் பார்த்தேன். அவளுடையதுதான். பிறகு ஆறு எண்ணைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

"விழுந்துருச்சு" என்றாள். "வச்சுறாதீங்க. ஊர்க்காரங்க ஏழு பேரு வந்துருக்காக, அவுகளுக்கும் உங்க நம்பரை எடுக்கணுமாம்."

மணி ஒன்று முப்பத்தெட்டு. ஒவ்வொருத்தராக வரச் சொன்னேன்.