ராமையா சேரின் நிரந்தர முகவரி

பலாங்கொடையில் தமிழில் மரண அறிவித்தல் அடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் என் அச்சகத்துக்குத்தான் வருவார்கள். அதனால் இந்தப் பக்கத்துச் சாவுகள் உறவினர்களுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடுகின்றன. போன மாதம் ஒரு காலை, கடையைத் திறந்த கையோடு, கொழும்பிலிருந்து வந்த கோபி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"அங்கிள், அப்பா நேத்து தவறிட்டாரு."

படத்தில் கோட்டும் டையுமாக இருந்தவர் ராமையா சேர். அபிவிருத்தி வங்கியின் எங்களூர்க் கிளையில் கடன் பிரிவுக்குப் பல வருடங்கள் பொறுப்பாக இருந்தவர். உங்களில் பலர் அவர் மேசைக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். உட்கார்ந்திருந்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரையும் வேண்டும் என்றார் கோபி. "நீங்க அப்பாவோட ஒரே லயத்துல வளந்தவரு. மனசுல உள்ளத அப்படியே எழுதி நீங்களே அடிச்சிருங்க. நான் பாக்கணும்னு இல்ல."

அச்சகம் வைத்திருப்பவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. இருந்தாலும் துக்க வீட்டாரின் விருப்பத்தை மீறும் வழக்கம் எனக்கில்லை.

சின்னமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம். தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய அந்த வரிசை வீட்டில் நான்காம் காம்பராவில் அவர்கள், ஐந்தாம் காம்பராவில் நாங்கள். நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. ராமையா அண்ணன் சத்தம் போட்டுப் படித்த பாடங்களை நாங்களும் படித்தோம். சோதனையில் தேறியவர் அவர் மட்டும். அவருக்கு வங்கி வேலை கிடைத்த அன்று தோட்டமே கூடி மாலை போட்டது. அந்த மாலையைக் கட்டியவள் என் அக்கா புஷ்பம். பூ போதாமல் கொஞ்சம் தேயிலைக் கொழுந்தையும் சேர்த்துக் கட்டினாள். வீட்டுக்குப் போனதும் அவர் அந்தக் கொழுந்துகளை மட்டும் பிய்த்துப் போட்டார் என்று அவருடைய அம்மாவே பிறகு சொன்னார். அப்போது அதற்கு நாங்கள் சிரித்தோம்.

பிறகு ஒரு நாள் அவர் வங்கி வேனில் தோட்டத்துக்கு வந்தார். சிறுதொழிலுக்கும் பசுமைத் திட்டங்களுக்கும் வங்கி கடன் கொடுக்கப் போகிறது என்று விளக்கக் கூட்டம். பிரஜா மண்டபத்தில் பிளாஸ்டிக் பதாகை கட்டினார்கள், பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் கொடுத்தார்கள், லஞ்ச் ஷீட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். இயற்கையைக் காப்பது நம் கடமை என்று ராமையா சேர் முக்கால் மணி நேரம் சிங்களத்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். அத்தனை பேருக்கும் சிங்களம் விளங்கும் என்பதால் தமிழில் அவர் காட்டிய சிக்கனத்தைக் குறை சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்ததும் அக்கா எச்சில் லஞ்ச் ஷீட்டுகளைப் பொறுக்கி ஒரு உர பேக்கில் நிறைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ராமையாண்ணே, இதுக்குப் பதிலா பாக்கு மட்டையில தட்டு அமுக்குற மிசின் இருக்காம். நாங்க நாலு பொம்பளைங்க சேந்து செஞ்சா ஒங்க பேங்க் கடன் குடுக்குமா?"

"ஏன் குடுக்காது? இதத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன். நாளைக்கே வாங்க. நாங்க நேர்ல வந்து எல்லாத்தையும் சரிபாத்துக் குடுப்போம்." எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைய கூட்டத்தில் அவர் தமிழில் பேசியது அந்த ஒரு முறைதான்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கொழுந்து பறித்துப் பறித்து வலது தோளைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலை. இன்னும் இரண்டு வருடம் மலை ஏறினால் கை போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மிசின் என்பது அவளுக்கு அந்தக் கைதான்.

நாலு பெண்களும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். விண்ணப்பம் நிரப்ப நான் கூடப் போனேன். வங்கியில் அக்கா "அண்ணே" என்று ஆரம்பித்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சேர்னு சொல்லுங்க. இது ஆபீஸ்." பிறகு படிவத்தைப் புரட்டினார். "ஸ்திர லிபினய மொகக்த?"

நிரந்தர முகவரி என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார், சின்ன வயதில் எங்கள் காம்பராவுக்குள் ஓடி வந்து போன மனிதர். அக்கா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா சேர்? ஏழாம் லயம், அஞ்சாம் காம்பரா."

"அது கம்பெனியோட காம்பரா. நாளைக்கு எழும்பிப் போன்னா போகணும். நிரந்தரமா ஒனக்குன்னு ஒரு எடம் இருந்தா அத எழுதிட்டு வா. பேப்பர்ல இல்லாதது உலகத்துலயே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். அவருடைய வாழ்க்கைத் தத்துவம் அது.

திரும்பும் பஸ்ஸில் அக்காவின் மடியில் படிவம் கிடந்தது. தோட்டத்துக்குப் பிரியும் சந்தியில் இறங்கியதும், "தம்பி, எழுது" என்றாள். கடைப் படியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

"சின்னமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, மயானம்."

"என்னக்கா இது?"

"அவருதானே கேட்டாரு, யாரும் எழுப்ப முடியாத எடம் எதுன்னு. அம்மா அங்க இருக்கு, அப்பா இருக்கு, பாட்டன் இருக்கு. ஒரு தொரையும் இன்னைக்கு வரைக்கும் அவங்கள எழும்பிப் போன்னு சொல்லல. எனக்கும் அங்கதான். எழுது."

அவள் முகத்தில் கேலி இல்லை. கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடித்த நிம்மதிதான் இருந்தது. நான் எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் தடுத்திருப்பார்கள்.

தபாலில் அனுப்பிய படிவம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், ராமையா சேரின் அழகான கையெழுத்தில், இரண்டு வரி: "விண்ணப்பதாரி வங்கியைப் பரிகசித்துள்ளார். குறிப்பிட்ட இடத்தில் எவரும் நிரந்தரமாக வசிப்பதாக ஏற்க முடியாது." நேரில் வந்து சரிபார்க்கவில்லை. பசுமைக் கடன் திட்டத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பசுமை அந்த மைதான். அதே ஆண்டு, நீச்சல் குளத்தைச் சுற்றிச் சூரிய விளக்கு நட்ட ஒரு ஹோட்டலுக்குக் கடன் கிடைத்தது. திறப்பு விழாவில் ராமையா சேர் ரிப்பன் வெட்டினார். ஹோட்டல்காரரிடம் நிலத்துக்கு உறுதிப் பத்திரம் இருந்தது. முகவரியில் தவறே இல்லை.

அக்கா மலைக்குத் திரும்பினாள். ஒன்றரை வருடத்தில் கை போனது. இப்போது இடது கையால் பறிக்கிறாள். அரை நாள் பெயர்தான் விழுகிறது, சம்பளமும் பாதிதான்.

இனி கோபியிடம் வருகிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில், தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது ராமையா சேரின் கடைசி ஆசை. கொழும்பில் அவர்கள் இருந்தது வாடகை வீடு. தோட்ட ஆபீசில் கேட்டதற்கு, வெளியாளை அடக்கம் செய்வதென்றால் தோட்டத்து மரண உதவிச் சங்கம் கடிதம் தர வேண்டும் என்றார்கள். சங்கத்தின் செயலாளர் புஷ்பம்.

உடல் மலர்ச்சாலையில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்தது. கோபியை நானே மலைக்குக் கூட்டிப் போனேன். வழுக்கும் பாதையில் பளபளக்கும் சப்பாத்தோடு ஏறி அவர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கூடையை இறக்கவில்லை.

"விண்ணப்பம் எழுதிக் குடுங்க தம்பி. ரெண்டு பேரு பிணை நிக்கணும், தோட்டத்துல பேரு பதிஞ்ச ஆளுங்க."

கோபி என்னைப் பார்த்தார். நான் தேயிலையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் பறித்துக்கொண்டிருந்தவர்களில் அன்று பஸ் ஏறிய மூன்று பேரும் இருந்தார்கள். இரண்டு பேர் பிணைக்கு முன்வர முக்கால் மணி நேரம் ஆனது. முன்பு பிரஜா மண்டபத்தில் ராமையா சேர் பேசிய நேரமும் அவ்வளவுதான் என்பதை நான் கவனித்தேன். கோபி ஒரு கல்லில் தாளை வைத்து எழுதினார். அக்கா வாங்கிப் படித்தாள்.

"நிரந்தர முகவரின்னு கொழும்பு வீட்ட எழுதியிருக்கீங்க. சொந்த வீடா?"

"வாடகை வீடுங்க."

"அப்ப வீட்டுக்காரன் எழும்புன்னா எழும்பணுமே. அது எப்படி நிரந்தரம்?"

"வேற என்னங்க எழுதுறது?"

அக்கா சொன்னாள். எனக்கு அன்று சொன்ன அதே மூன்று சொற்றொடர், அதே வரிசை. கோபி எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார். "பேப்பர்ல சரியா இருக்கட்டும் தம்பி," என்று சொல்லி, இடது கையால் ஒப்பமிட்டுக் கொடுத்தாள்.

கோபி நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். "மன்னிச்சிட்டியாக்கா?" என்று நான் கேட்டேன்.

"யாரு மன்னிச்சா? அவரு எனக்குக் குடுக்காதத நான் அவருக்குக் குடுத்திருக்கேன். அங்க படுத்துக்கிட்டு நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்."

அடக்கத்தன்று வங்கி அனுப்பிய மலர்வளையம் பிளாஸ்டிக் பூக்களால் ஆனது. அது இன்னும் வாடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் படிவம். கண்ணாடி போட்டு அச்சகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பச்சை மை மங்கவில்லை. அவருக்கு அஞ்சலி செலுத்த விரும்பும் வாடிக்கையாளர்கள், அவர் மேசைக்கு முன்னால் நின்றவர்கள், முகவரி தெரியாமல் அலைய வேண்டாம் என்பதற்காக இங்கே தருகிறேன்: சின்னமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, மயானம்.

போன ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று சரிபார்த்தேன். குறிப்பிட்ட இடத்தில்தான் இருக்கிறார். நிரந்தரமாக.